ஐஸ் ஹவுஸ் குடித்தனக்காரர்கள்

சென்னையில் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவும் எதற்காகக் கட்டப்பட்டனவோ அதற்காகவே இன்னும் நிற்கின்றன. கோர்ட்டு கோர்ட்டாக இருக்கிறது, கல்லூரி கல்லூரியாக இருக்கிறது. திருவல்லிக்கேணியின் கிழக்கு ஓரத்தில், காமராஜர் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் ஐஸ் ஹவுஸின் கதை வேறு. கிடங்காகப் பிறந்து, வக்கீல் வீடாகி, சாமியார் மடமாகி, ஏலத்தில் கைமாறி, இளம் விதவைகளின் விடுதியாகி, இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. ஒருவர் கட்டியதில் இன்னொருவர் குடியேறி, அவரவர் வசதிக்கு இடித்தும் திறந்தும் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குடித்தனக்காரர்களைப் பற்றி அவ்வப்போது குறித்து வைத்தவை இவை.

*

முதல் குடித்தனம் மனிதர்களுடையது அல்ல, பனிக்கட்டியுடையது. வீட்டுக்காரர் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர். 1783-ல் பிறந்தவர். குளிர்காலத்தில் ஊர் ஏரிகளில் சும்மா உறைந்து கிடக்கிற தண்ணீரை வெயில் நாடுகளுக்கு விற்றால் என்ன என்று இருபது வயதைத் தாண்டியதும் தோன்றியிருக்கிறது. 1806-ல் கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவுக்கு முதல் சரக்கு போனது. ஐஸ் என்னவோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதை வைக்க அங்கே கிடங்கு இல்லை, வாங்குகிறவர்களுக்கு அதை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. விற்பதற்குள் கரைந்து, கையைக் கடித்தது. ஊரே சிரித்தது. கடன் ஏறி மனிதர் சிறைக்கும் போய்வந்தார்.

விடவில்லை. சரக்குக்கு முன்னால் கிடங்கு வேண்டும் என்பது அவர் படித்த முதல் பாடம். பின்னாளில் எந்த ஊரில் கடை விரித்தாலும் முதலில் அங்கே ஐஸ் வைக்கக் கட்டடம் எழும்பியது. 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதக் கடல் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் வெள்ளிக் கோப்பை பரிசளித்தார்.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் டியூடரின் வியாபாரத்துக்கு ஐஸ் கிடங்குகள் இருந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் வந்தது. மற்ற இரண்டும் இடிந்து போயின. மூன்றில் நிற்பது இது ஒன்றுதான்.

*

நாலு மாதம் கடலில் கிடந்த ஐஸ் எப்படிக் கரையாமல் வந்தது? இதைக் கேட்காதவர்களே இல்லை. பதிலில் மூன்று பகுதி உண்டு.

ஒன்று, ஐஸின் குணம். பூஜ்யம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை அதே பூஜ்யம் டிகிரித் தண்ணீராக்கத் தேவைப்படும் வெப்பம் இருக்கிறதே, அதைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து ஏறக்குறைய 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஆக, கரைவதற்கே அது நிறைய வெப்பத்தைக் கேட்கும். இரண்டாவது, அடுக்குகிற விதம். தனித்தனிக் கட்டியாக இருந்தால் ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் காற்று தொடும். சதுரமாக வெட்டி இடைவெளியில்லாமல் அடுக்கினால் நூறு டன்னும் ஒரே பாறை, வெளிப்பக்கம் மட்டும்தான் கரையும். இப்படி ஒரே அளவில் வெட்டுவதற்காகவே நதானியல் வயத் என்பவர் 1820-களில் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையைச் செய்துகொடுத்தார். உறைந்த ஏரியில் உழவு ஓட்டி, பாளம் பாளமாகப் பெயர்த்தார்கள்.

மூன்றாவது மரத்தூள். அமெரிக்காவின் வடகிழக்கில் மர அறுவை ஆலைகளில் குவிந்து, போட இடமில்லாமல் கிடந்த பொருள். கப்பலின் அடித்தட்டில் ஐஸைச் சுற்றி அதைத் திணித்தார்கள். இந்தியாவுக்குச் சரக்கு எடுக்க வரும் பாஸ்டன் கப்பல்கள் வரும்போது பாதி காலியாக, சாயாமல் இருக்கக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தன. கல்லுக்குப் பதில் ஐஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றால் கூலி அதிகம் கேட்க மாட்டார்கள். யாரும் சீந்தாத தண்ணீர், யாரும் சீந்தாத மரத்தூள், யாரும் வாடகைக்கு எடுக்காத கப்பல் அடித்தட்டு. டியூடரின் வியாபாரம் இந்த மூன்றையும் ஒன்று சேர்த்ததுதான்.

*

1842-ல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து ஆளோ மூட்டையோ எதுவானாலும் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் நெளிந்து கொடுக்கும், உடையாது. பாஸ்டன் ஐஸும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நாலு மாதப் பயணத்தில் தப்பிய ஐஸுக்குக் கடைசி அரை மைல்தான் பெரிய சோதனை. சுட்டெரிக்கும் வெயில், உப்புத் தண்ணீர், சுமப்பவர் தோள் சூடு.

கிடங்கு ஏன் கடலோரத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இப்போது பார்ப்பவர்களுக்குக் கடல் எங்கோ இருக்கிறது. சாலையைக் கடந்து, மணலில் கால் வலிக்க நடந்தால்தான் அலை காலில் படும். இவ்வளவு மணலும் பிற்பாடு சேர்ந்தது. வடக்கே துறைமுகச் சுவர்கள் எழும்பிய பிறகு, கடலோர நீரோட்டம் கொண்டு வரும் மணல் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் ஒதுங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். ஐஸ் இறங்கிய காலத்தில் கடல் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

*

அந்தக் கட்டடத்தை அதன் முதல் குடித்தனக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். ஐஸுக்கு வெளிச்சம் ஆகாது, காற்று ஆகாது, ஜன்னல் ஆகாது. கனத்த சுவர் வேண்டும். கரைந்த தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட வேண்டும். தேங்கினால் அதுவே மிச்சத்தையும் கரைத்துவிடும். திறப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மனிதன் வாழ வேண்டிய வீட்டுக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் ஐஸ் கிடங்குக்குக் குறைகள். பின்னால் வந்த குடித்தனக்காரர்கள் எல்லாரும் இந்தச் சுவர்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

*

சிறு குறிப்பு: அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தங்கியிருந்த வால்டன் குளத்திலும் 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வந்து ஐஸ் வெட்டினார்கள். தன் குளத்துத் தண்ணீரை மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மக்கள் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் தன் 'வால்டன்' நூலில் எழுதினார். காலையில் அவர் படித்துக்கொண்டிருந்தது பகவத் கீதை. கீதை கிழக்கிலிருந்து அவரிடம் போக, அவர் நினைப்பில் அவர் குளத்து ஐஸ் கிழக்கே வந்தது. இந்த மூன்று ஊர்களில், டியூடரின் ஐஸைத் தாங்கிய சுவர் மிஞ்சியிருப்பது நம் ஊரில்.

*

அந்த ஐஸ் யாருக்கு வந்தது? திருவல்லிக்கேணி தெருக்காரருக்கு அல்ல. வெள்ளைக்காரர் வீட்டு மது, சாப்பாட்டு மேஜை, காய்ச்சல்காரர் நெற்றி. அதற்கு முன்னால் அவர்கள் வீடுகளில் தண்ணீரைக் குளிர வைக்க வெடியுப்பைக் கரைத்து அதில் ஜாடியை வைப்பார்கள், அதற்கென்றே 'ஆப்தார்' என்ற வேலையாளும் இருப்பார். பாஸ்டன் ஐஸ் வந்து அந்த வேலையாளின் பிழைப்பைக் குறைத்தது.

அடுத்து டியூடரின் ஐஸுக்கும் முறை வந்தது. ஆவி இயந்திரத்தால் ஐஸ் செய்ய முடியும் என்று ஆனதும், உலகத்தின் மறுபாதியிலிருந்து கப்பலில் கொண்டு வர வேண்டிய அவசியம் போயிற்று. 1874-ல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கி, ஊரிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்தது. டியூடர் அதைப் பார்க்கவில்லை. 1864-லேயே இறந்துவிட்டார், அதற்குள் பெரும் பணக்காரராகவும் ஆகியிருந்தார். 1880-ஐ ஒட்டி வியாபாரம் நின்றது. கிடங்கு காலியானது. ஐஸ் இல்லாத ஐஸ் கிடங்கை யார் வாங்குவார்?

*

பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார். வாங்கியதோடு அதைத் தன் குடும்பம் வாழ வீடாக மாற்றவும் துணிந்தார். சுவர்களைத் துளைத்து வரிசை வரிசையாக ஜன்னல்கள் வைத்தார். வளைந்த முகப்பைச் சுற்றி வட்டமாகத் தாழ்வாரம் எடுத்தார். இன்று அந்தக் கட்டடத்தைப் பார்த்து அழகு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, ஐஸ்காரருடையது அல்ல, ஐயங்காருடையது. இவ்வளவு செய்தும் உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்பார்கள். வெப்பத்தை உள்ளே விடாமல் இருக்கக் கட்டிய சுவர், உள்ளே போன வெப்பத்தை வெளியே விடவும் மறுத்தது.

வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'காசில் கெர்னன்'. உயர் நீதிமன்ற நீதிபதி கெர்னன் மேல் இருந்த மதிப்பு. ஏழை மாணவர்களுக்கு அங்கே இடமும் சோறும் கொடுத்தார். ஊர் விட்டுப் படிக்க வந்த பையன்களுக்கு இடம் கொடுப்பது திருவல்லிக்கேணியின் பழைய பழக்கம். பிற்காலத்தில் அதே பேட்டை மேன்ஷன்களுக்குப் பேர் போனதற்கு, அந்த வகையில் இந்த வக்கீல் வீடு ஒரு முன்னோடி.

*

1897 பிப்ரவரி 6. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர், பாம்பனில் இறங்கி, ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாக ரயிலில் எழும்பூர் வந்து சேர்ந்தார். நிலையத்தில் கூட்டம். அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மாணவர்களே இழுத்தார்கள். ஊர்வலம் வந்து நின்ற இடம் காசில் கெர்னன். 15-ஆம் தேதி கல்கத்தாவுக்குக் கப்பலேறும் வரை அவர் தங்கியது இங்கேதான்.

அந்த நாட்களில் விக்டோரியா ஹாலில் அவருக்கு வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. ஹால் கொள்ளவில்லை. வெளியே நின்ற கூட்டம் தங்களோடும் பேசச் சொல்லிக் கேட்டது. ஒரு கோச்சு வண்டியின் மேல் ஏறி நின்று, கீதை பிறந்ததும் ரதத்தின் மேலிருந்துதானே என்ற பொருளில் ஆரம்பித்துச் சுருக்கமாகப் பேசி முடித்தார். அதன் பிறகான நாட்களில் சென்னையில் அவர் ஆற்றிய உரைகள் புத்தகமாக இன்றும் படிக்கப்படுகின்றன. பொழுது விடிந்ததிலிருந்து காசில் கெர்னனில் ஆட்கள். சந்தேகம் கேட்க வந்தவர்கள், வாதாட வந்தவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்.

இதற்கு விதை நாலு வருடம் முன்னால் போடப்பட்டது. அவரைச் சிகாகோ சர்வமத மாநாட்டுக்கு அனுப்பப் பணம் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். திருவல்லிக்கேணிக்காரர், பள்ளி ஆசிரியர். ஊர் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாளில், அதற்கு அரிசி போட்டவர்களில் பலர் இப்படி மாதச் சம்பளக்காரர்கள்.

*

இன்னொரு குறிப்பு, மேற்படி விஷயத்தோடு சேர்த்து. 1893-ல் சிகாகோவில் மாநாட்டுக்கு நாள் இருந்ததால், செலவுக்குப் பயந்து விவேகானந்தர் பாஸ்டன் பக்கம் போனார். ரயிலில் அறிமுகமான ஓர் அம்மாள் தன் பண்ணை வீட்டில் இடம் கொடுத்தார். ஹார்வர்டு பேராசிரியர் ரைட் அந்தப் பயணத்தில்தான் பழக்கமானார். மாநாட்டுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தவர் அவர். 1896-ல் விவேகானந்தர் ஹார்வர்டிலேயே வேதாந்தம் பற்றிப் பேசினார். ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊரில்தான் டியூடர் ஐஸ் வெட்டிய பிரெஷ் பாண்ட் ஏரியும் இருக்கிறது. அந்த ஐஸுக்காகக் கட்டிய வீட்டில் அடுத்த வருடம் வந்து படுத்தார். அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார்.

*

கிளம்பும்போது பக்தர்கள், ஒரு துறவியை எங்களுக்காக விட்டுப் போங்கள் என்றார்கள். உங்கள் ஆசாரக்காரர்களை விட ஆசாரமான ஒருவரை அனுப்புகிறேன் என்று சொன்னாராம். மார்ச்சில் வந்தவர் சசி மகராஜ் என்ற ராமகிருஷ்ணானந்தர். ஐஸ் ஹவுஸின் கீழ்த்தளத்தில் தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் அமைந்தது.

விவேகானந்தர் தங்கியது 9 நாள். இவர் இருந்தது ஏறத்தாழ பத்து வருடம். கூட்டம் கிடையாது, குதிரையை அவிழ்க்க யாரும் வரவில்லை. ஊரின் பல மூலைகளில் வகுப்பு எடுத்தார், வெயிலில் அலைந்தார். சில வகுப்புகளுக்கு ஆளே வராத நாளும் உண்டு. பூஜை, சமையல், பாத்திரம் எல்லாம் தன் கையால். சென்னைப் புழுக்கத்தில் தூக்கம் வராத இரவுகளில் எழுந்து போய், குருநாதருக்கும் வேர்க்குமே என்று ராமகிருஷ்ணர் படத்துக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள்.

*

பிலிகிரி ஐயங்கார் காலமான பிறகு சொத்துக்குச் சிக்கல் வந்தது. 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. மடத்துக்கு வேண்டியவர்கள் யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று பக்தர்கள் தவித்தார்கள். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் வளாகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பதறிய ஒருவரிடம், யார் வாங்கினால் என்ன, நமக்கு வேண்டியது கொஞ்சம் இடம்தானே என்ற தோரணையில் பதில் சொன்னாராம். ஒரு ஜமீன்தார் எடுத்தார். மடம் சில காலம் அதே வளாகத்துக் கொட்டகைக்கு ஒதுங்கி, 1907 நவம்பரில் மயிலாப்பூரில் சொந்த இடத்துக்குப் போயிற்று. பத்து வருடம் இருந்த வீட்டை ஒருவர் வழக்குப் போடாமல் விட்டுக் கிளம்பிய கதையும் சென்னையில் உண்டு என்பதற்காக இதைக் குறிக்கிறேன்.

*

இனி நான் அதிகம் எழுத நினைக்கிற குடித்தனம்.

1917-ல் சென்னை அரசாங்கம் ஐஸ் ஹவுஸை வாங்கியது. குடி வந்தவர்கள் பத்து வயதும் பதினைந்து வயதுமான பிராமணப் பெண்கள். எல்லாரும் விதவைகள். அவர்களை அழைத்து வந்தவர் ஆர். எஸ். சுப்பலட்சுமி. 1886-ல் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம், சிறிது காலத்திலேயே கணவன் இறந்தான். தந்தை சுப்ரமணிய ஐயர், சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் ஆசிரியர். பெண்ணை மூலையில் உட்கார வைக்க மறுத்து, படிக்க வைத்தார். அவரைப் போலவே கணவனை இழந்த சித்தி வாலாம்பாள் பக்கத்துணை. உறவுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசினார்கள், தெருவில் கேலி செய்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். ஊர் அவரைச் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டது.

எழும்பூர் வீட்டில் சில பெண்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அரசாங்கம் ஏன் உதவியது? இரக்கம் மட்டும் இல்லை. பெண் பள்ளிகள் பெருகின, ஆசிரியைகள் கிடைக்கவில்லை. கல்யாணமான பெண்களை வேலைக்கு அனுப்ப எந்த வீடும் தயாராக இல்லை. கல்யாணமாகாத பெண் என்று அன்று யாரும் இல்லை. ஆனால் எந்தச் சடங்குக்கும் வேண்டாதவளாக, அடுக்களை இருட்டில் வேலை செய்துகொண்டு வீட்டுக்கு வீடு ஒரு விதவை இருந்தாள். அவளை ஆசிரியை ஆக்கினால் என்ன என்று கேட்டவர் பள்ளி ஆய்வாளராக இருந்த அயர்லாந்துக்காரப் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்ச். சுப்பலட்சுமி அதைச் செய்து காட்டினார்.

*

அக்கிரகாரத்தில் தலை மழித்து நார்மடி கட்டிய பெண் காலையில் எதிரே வந்துவிட்டால், கிளம்பியவர் திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்து போவார். அது அவள் காதில் விழும்படிதான் நடக்கும். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஐஸ் ஹவுஸ் வாசலில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். சாலை, மணல், கட்டுமரம், கடல். எதிர்ப்பட்டால் முகம் சுளிக்கிற தெரு இல்லை. அதே சாலையில் நடை தூரத்தில் ராணி மேரி கல்லூரி, 1914-ல் தொடங்கியது. பள்ளி முடித்த பிறகு எங்கே போகலாம் என்பதைத் தினமும் பார்க்கலாம்.

உள்ளே புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. மடி, ஆசாரம், விரதம், பிராமணச் சமையல் எல்லாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டன. கொஞ்சம் தளர்த்தினால் அடுத்த மாதம் ஒரு தகப்பனாரும் பெண்ணை அனுப்ப மாட்டார் என்பது சிஸ்டருக்குத் தெரியும். அவர் எதையும் இடித்துத் தள்ளவில்லை. பிலிகிரி ஐயங்காரைப் போலச் சுவரை இருந்தபடி வைத்துக்கொண்டு ஜன்னல் திறந்தார். இதில் ஒரு குறை உண்டு, அதையும் எழுத வேண்டும்: இந்த விடுதியின் கதவு ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும்தான் திறந்தது. மற்ற சாதிகளிலும் சிறு வயதில் தாலி இழந்த பெண்கள் இருந்தார்கள். அரசாங்கப் பணத்தில் இங்கே அவர்களுக்குப் பாய் விரிக்கவில்லை.

*

1922-ல் லேடி விலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது, முதல்வர் சுப்பலட்சுமி. ஆரம்பப் பள்ளிக்கு, நடுநிலைப் பள்ளிக்கு, உயர்நிலைப் பள்ளிக்கு என்று மூன்று நிலையிலும் ஆசிரியைகளைத் தயார் செய்தது. விடுதியில் வயது வரம்பு இருந்ததால், வயது கடந்து படிக்க வந்த பெண்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயா. 1938-ல் அதை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். ஐஸ் ஹவுஸின் இரண்டு குடித்தனங்கள் கைகோத்த இடம் அது.

அரசு ஊழியர் என்பதால் மேடையேறி எதுவும் பேச முடியாது. ஆனாலும் பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டத்துக்கு முன்னோடியாக அமைந்த விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். ஓய்வுக்குப் பிறகு 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1958-ல் பத்மஸ்ரீ. 1969-ல் மறைந்தார்.

ஐஸ் ஹவுஸிலிருந்து பயிற்சி பெற்றுப் போன பெண்கள் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கரும்பலகை முன்னால் நின்றார்கள். அவர்களிடம் படித்தவர்களை எண்ணிக்கையில் அடக்க முடியாது. சின்ன வயதில் ஒரு 'டீச்சரம்மா'வின் வெள்ளைப் புடவையை நினைவு வைத்திருக்கிற பாட்டிகள் பல குடும்பங்களில் இருந்திருப்பார்கள்.

*

விதவைகள் விடுதிக்குப் பின், ஆசிரியர் பயிற்சி பெறும் பெண்களின் விடுதியாகவும் கட்டடம் பயன்பட்டது. 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டில் அரசு அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் சூட்டியது. 1997-ல், அவர் வந்து தங்கியதன் நூறாம் ஆண்டில், ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. மடம் பழுதுபார்த்துக் கண்காட்சியாக்கியது. அது இல்லாவிட்டால் பம்பாய்க் கிடங்கின் கதி இதற்கும் வந்திருக்கலாம்.

எனக்குக் கணக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐஸ் ஏறத்தாழ 40 வருடம். சசி மகராஜ் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. விதவைப் பெண்களும் ஆசிரியைப் பெண்களும் பல வருடம். விவேகானந்தர் 9 நாள். பலகையில் 9 நாள் விருந்தாளியின் பெயர். ஊர் வாயில் 40 வருடச் சரக்கின் பெயர்: பஸ் நிறுத்தமும் போலீஸ் ஸ்டேஷனும் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான். பெண்கள் பலகையிலும் இல்லை, ஊர் வாயிலும் இல்லை.

விருந்தாளி பெரியவர், அதில் தகராறு இல்லை. அவர் வந்ததால் மடம் வந்தது, மடத்தால் கட்டடம் பிழைத்தது. ஆனால் நம் ஊரில் ஒரு வீட்டின் சரித்திரம் என்றால் அங்கே யார் வந்து போனார் என்பதாகவே இருக்கிறது. யார் அங்கே விடியற்காலையில் எழுந்து தண்ணீர் இறைத்து, பாடம் படித்து, பரீட்சைக்குப் பயந்து, வேலை கிடைத்துப் பெட்டியோடு கிளம்பினார் என்பது சரித்திரமாவதில்லை. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் நினைவு இல்லமாகியிருக்கிற வீடுகளுக்கும் இதே கதைதான்: பெரிய மனிதரின் கண்ணாடி பெட்டிக்குள் இருக்கும், அந்த வீட்டில் சமைத்தவர் பெயர் எங்கும் இருக்காது.

*

பார்க்கப் போகிறவர்களுக்கு.

வாசலிலிருந்து நேரே உள்ளே போய்விட வேண்டாம். எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று முதலில் உச்சியைப் பாருங்கள். அன்னாசிப்பழம் போல ஒரு கலசம் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் அன்னாசி விருந்தோம்பலின் அடையாளம். இங்கே நம் ஊரில் ஒரு பாஸ்டன் முத்திரை. பிறகு அரைவட்டமாகப் புடைத்திருக்கும் முகப்பில் ஜன்னல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் மூடியிருந்த சுவரில் பிறகு திறந்தது. உள்ளே போனதும் ஏதாவது ஒரு ஜன்னலோரம் நின்று சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள், ஐஸ் வியாபாரம் புரிந்துவிடும்.

விவேகானந்தர் தங்கிய அறையில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தபின், தெற்கே கொஞ்சம் நடந்தால் லேடி விலிங்டன் வளாகம், அப்புறம் ராணி மேரி. பள்ளி விடுகிற நேரமாக இருந்தால் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பஸ்ஸுக்கு நிற்பார்கள். வீட்டின் வரலாற்றில் அந்தப் பகுதிக்குத் தனி டிக்கெட் கிடையாது.